புது ரைஃபிள் வாங்குவதற்கு முன் மேகசினைப் பாருங்கள்

நீங்கள் மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். ஒரு ராணுவம் இருபது, முப்பது வருஷமாக வைத்திருக்கும் காலாட்படை ரைஃபிளை மேம்படுத்தினால் போதுமா, அல்லது ஒதுக்கிவிட்டுப் புதியது வாங்க வேண்டுமா, வாங்கினால் பெரிய தோட்டாவுக்கு மாறுவது சரியா. எனக்கு இந்த மூன்றுக்கும் அடியில் ஒரே கேள்விதான் தெரிகிறது: கையில் இருக்கும் துப்பாக்கியில் குறை எந்த இடத்தில் இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? அதைச் சரியாகக் கண்டுபிடித்த ராணுவங்கள் குறைந்த செலவில் தப்பித்திருக்கின்றன. கண்டுபிடிக்காமல் அவசரப்பட்டவை புதுத் துப்பாக்கியிலும் பழைய தொல்லையை அனுபவித்திருக்கின்றன. நான் பல வருஷம் ஆர்மரராக வேலை பார்த்தவன். துப்பாக்கியைப் பிரித்து, அளந்து, பழுது நீக்கித் திருப்பிக் கொடுப்பது என் தொழில். எதிரியை நோக்கிச் சுட்ட அனுபவம் எனக்கு இல்லை. அதனால் ஒரு தோட்டா மனித உடலில் என்ன செய்யும் என்பதைப் பற்றி நான் சொல்வதைவிட, ஒரு துப்பாக்கி ஏன் நின்றுபோகிறது என்று சொல்வதை அதிகமாக நம்புங்கள்.

பணிமனைக்கு வரும் துப்பாக்கியில் ஒரு சீட்டு கட்டியிருக்கும். பெரும்பாலும் அதில் ஒரே வார்த்தைதான்: ஜாம். எப்படிப்பட்ட ஜாம், எத்தனையாவது தோட்டாவில், எந்த மேகசினில் (தோட்டாக்களை அடுக்கித் துப்பாக்கியில் செருகும் பெட்டி) என்று எதுவும் இருக்காது. ஆரம்ப காலத்தில் நான் உடனே தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் போல்ட்டைக் கழற்றி, வெடித்த கூட்டை வெளியே இழுக்கும் எக்ஸ்ட்ராக்டரையும் ஸ்பிரிங்கையும் பார்க்கத் தொடங்குவேன். எனக்கு வேலை கற்றுக்கொடுத்த ஹவில்தார் என் கையைப் பிடித்து நிறுத்தி, "துப்பாக்கி இருக்கட்டும் தம்பி, அதோடு வந்த மேகசின் எங்கே?" என்பார். மேகசின் வந்திருக்காது. ஆளனுப்பி வாங்கி வந்தால் அதன் வாயின் உதடு ஒரு பக்கம் வளைந்திருக்கும், அல்லது ஸ்பிரிங் தளர்ந்துபோயிருக்கும். அதே துப்பாக்கியில் நல்ல மேகசினைப் போட்டுச் சுட்டால் நூறு தோட்டாவும் தடையில்லாமல் போகும். அப்புறம் நாங்கள் எல்லா மேகசினுக்கும் எண் எழுதினோம். எது இரண்டு முறை தகராறு செய்கிறதோ அதை நசுக்கிப் போட்டுவிடச் சொன்னோம். அந்த வருஷம் ஜாம் என்று வந்த சீட்டுகள் கண்ணுக்குத் தெரியும்படி குறைந்தன. துப்பாக்கியில் ஒரு திருகைக்கூட நாங்கள் மாற்றவில்லை.

இது ஒரு பணிமனையின் கதை, இதை வைத்து உலகத்துக்கே தீர்ப்புச் சொல்ல முடியாது என்று நீங்கள் நினைக்கலாம். நியாயம்தான். அளந்து எடுத்த கணக்கு ஒன்றையும் சொல்கிறேன். 2007-ல் அமெரிக்க ராணுவம் நான்கு வகை கார்பைன்களை, அதாவது குட்டை ரைஃபிள்களை, கடும் தூசியில் சோதித்தது. ஒவ்வொரு வகையிலும் பத்துத் துப்பாக்கிகள், வகைக்கு 60,000 தோட்டாக்கள். அப்போது படையில் இருந்த எம்4 மொத்தம் 882 முறை நின்றது. ஸ்கார் 226, எச்கே416 233, எக்ஸ்எம்8 127. இந்த எண்களை எடுத்துக்கொண்டு எம்4-ஐத் தூக்கி எறியுங்கள் என்று பலர் எழுதினார்கள். ஆனால் அந்த 882-ல் 239 தடங்கல்கள் மேகசினால் வந்தவை, அதாவது கால் பங்குக்கும் மேல். இன்னொரு விஷயமும் உண்டு. சில மாதங்கள் முன்பு நடந்த அதே மாதிரியான சோதனையில் எம்4 சுமார் 300 முறைதான் நின்றிருந்தது. ஒரே துப்பாக்கி, ஒரே வகைச் சோதனை, எண்ணிக்கை கிட்டத்தட்ட மூன்று மடங்கு. எம்4 மற்ற மூன்றையும்விடத் தூசியில் பின்தங்கியது என்பது உறுதி. எவ்வளவு பின்தங்கியது என்பதை அந்த ஒரு எண்ணை வைத்துச் சொல்வது சந்தேகத்துக்குரியது. 60,000-ல் 882 என்றால் நூற்றுக்கு ஒன்றரை. அந்த ஒன்றரை யாருடைய கையில், எந்த நிமிடத்தில் வருகிறது என்பதுதான் பயம். அந்தப் பயத்தை நான் சிறிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மேகசினுக்கு அடுத்து நான் பார்ப்பது தோட்டா. இதற்கு அமெரிக்காவின் எம்16 ரைஃபிளைவிடப் பெரிய பாடம் கிடையாது. வியட்நாமில் 1960-களின் நடுவில் அந்தத் துப்பாக்கி சிப்பாய்களின் கையில் நின்றுபோய், செத்தவர்களின் பக்கத்தில் பாதி பிரித்த நிலையில் கிடந்தது. 1967-ல் அமெரிக்க நாடாளுமன்றத்தில் ரிச்சர்ட் இக்கார்ட் தலைமையிலான துணைக்குழு விசாரித்தது. வெளிவந்த உண்மை என்னவென்றால், துப்பாக்கி ஒரு வகை வெடிமருந்துக்காக வடிவமைக்கப்பட்டது. சண்டைக்குப் போன தோட்டாவில் வேறு வகை மருந்து இருந்தது. புது மருந்து அதிகக் கசடு விட்டது, துப்பாக்கி சுடும் வேகத்தையும் கூட்டியது. தோட்டா உட்கார்ந்து வெடிக்கும் அறையான சேம்பருக்குக் குரோம் பூச்சு இல்லாததால் ஈரத்தில் அது துருப்பிடித்து, வெடித்த தோட்டாக்கூடு உள்ளேயே ஒட்டிக்கொண்டது. இதற்கெல்லாம் மேல், இந்தத் துப்பாக்கிக்குச் சுத்தம் செய்யும் வேலை அதிகம் இல்லை என்ற எண்ணம் பரவியிருந்ததால் பல சிப்பாய்களுக்குத் துடைக்கும் சாமான்கூடப் போய்ச் சேரவில்லை. சரிசெய்தது எப்படி? சேம்பருக்குக் குரோம் பூசினார்கள், போல்ட்டின் உதையைத் தாங்கும் பஃபரை மாற்றினார்கள், துடைக்கும் கம்பியும் எண்ணெயும் கொடுத்தார்கள், படக்கதை வடிவில் பராமரிப்புக் கையேடு அச்சிட்டார்கள். எம்16ஏ1 என்ற பெயரில் அதே துப்பாக்கி அப்புறம் பல பத்தாண்டுகள் ஓடியது. எம்16 மோசமான துப்பாக்கி என்று இன்றைக்கும் சொல்பவர்கள் இருக்கிறார்கள். துப்பாக்கி, தோட்டா, மேகசின், பராமரிப்பு நான்கும் சேர்ந்ததுதான் ஆயுதம், அதில் ஒன்றை யாருக்கும் சொல்லாமல் மாற்றினார்கள் என்றுதான் நான் அதைப் படிக்கிறேன். இதே சங்கிலி பிற்பாடும் தொடர்ந்தது. 2010-ல் எம்855ஏ1 என்ற புதிய தோட்டா வந்தபோது அதன் எஃகு முனை எம்4-ன் தோட்டா ஏறும் சரிவைக் குத்தத் தொடங்கியது. அதற்காகவே தோட்டாவைச் சற்று வேறு கோணத்தில் நீட்டும் மேகசினைச் செய்ய வேண்டி வந்தது.

சரி, துப்பாக்கியே உண்மையில் குறையுள்ளதாக இருந்தால்? அப்போதும் மேம்பாடு வேலை செய்யும் என்பதற்கு பிரிட்டனின் எஸ்ஏ80 ரைஃபிள் சாட்சி. 1985-ல் படைக்கு வந்த அதன் முதல் வடிவமான எல்85ஏ1 மணலில் நின்றது. மேகசினைக் கழற்றும் பொத்தான் உடம்பில் உரசியே அழுந்தி மேகசின் கீழே விழுந்தது. சிப்பாய்கள் அதை வெறுத்தார்கள், அந்த வெறுப்புக்குக் காரணம் இருந்தது. 2000 வாக்கில் ஜெர்மனியின் ஹெக்லர் அண்ட் காக் நிறுவனத்திடம் சுமார் 2 லட்சம் துப்பாக்கிகளை ஒப்படைத்தார்கள். போல்ட், எக்ஸ்ட்ராக்டர், சுத்தியல், ஃபயரிங் பின், ஸ்பிரிங்குகள், கேஸ் பாகங்கள், மேகசின் என்று உள்ளே இருந்த நகரும் பாகங்களில் பெரும்பாலானவை மாறின. சுமார் 9 கோடி பவுண்டு செலவு, ஒரு துப்பாக்கிக்கு ஐந்நூறு பவுண்டுக்குள். வெளியே அதே உருவம், ட்ரிகருக்குப் பின்னால், தோளில் வைக்கும் பகுதிக்குள் மேகசின் போகும் அதே புல்பப் அமைப்பு. எல்85ஏ2 இராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் நம்பும்படி வேலை செய்தது. 2018-ல் ஏ3 என்று இன்னொரு சுற்றும் நடந்தது. எனக்கு அந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம், அவர்கள் பாகம் பாகமாக, எது உடைகிறது, எது தேய்கிறது என்று எழுதிவைத்துக்கொண்டு போனதுதான். சிரமம் அதில்தான் இருக்கிறது, கடைசல் இயந்திர வேலை அதற்குப் பிறகு வருவது.

மேம்பாடு கைகொடுக்காத இடங்களும் உண்டு. பிரான்ஸின் ஃபமாஸ் ரைஃபிள் அதில் ஒன்று. அதன் இயக்கமுறை எஃகுக் கூட்டுத் தோட்டாவை மனதில் வைத்து அமைந்தது. மற்ற நாடுகள் பயன்படுத்தும் பித்தளைக் கூட்டுத் தோட்டா அதில் சரியாக ஒத்துப்போகாது. துப்பாக்கி உற்பத்தியும் நின்றபின் உதிரி பாகம், தோட்டா இரண்டுக்கும் நெருக்கடி. அந்த நிலையில் எதைப் பூசினாலும் எதைப் பொருத்தினாலும் அடிப்படை மாறாது. 2016-ல் அவர்கள் எச்கே416-ஐத் தேர்ந்தெடுத்தது சரியான முடிவு என்பது என் கருத்து. ஜெர்மனியின் ஜி36 வேறு மாதிரி. தொடர்ந்து சுட்டுச் சூடேறினால் குறி விலகுகிறது என்ற புகார் 2012 வாக்கில் எழுந்தது. 2015-ல் பாதுகாப்பு அமைச்சர் உர்சுலா ஃபான் டெர் லெயன் இந்த வடிவில் இதற்கு எதிர்காலம் இல்லை என்று அறிவித்தார். ஆனால் அதே வருஷம் வந்த விசாரணைக் குழு, இந்தக் குறையால் எந்தச் சிப்பாயும் காயப்பட்டதாகவோ இறந்ததாகவோ ஆதாரம் இல்லை என்றது. 2016-ல் கோப்லென்ஸ் நீதிமன்றம் தயாரிப்பாளருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. வாங்கும்போது கேட்டதைத்தான் அவர்கள் செய்து கொடுத்திருந்தார்கள். சூடேறினால் எவ்வளவு விலகலாம் என்பதை வாங்கியவர்களே தெளிவாக எழுதவில்லை. ஆகவே அந்தத் துப்பாக்கி குறையுள்ளதா என்று என்னைக் கேட்டால், எந்த வேலைக்கு என்று திருப்பிக் கேட்பேன். இலகுவாகத் தூக்கிக்கொண்டு நிதானமாகச் சுட நல்ல துப்பாக்கி. பதுங்கியிருந்து தாக்குபவர்களிடம் சிக்கிக்கொண்டு மேகசின் மேல் மேகசினாகச் சுட நேர்ந்தால் அதன் மெலிவு தெரிந்தது.

இனி செலவழிக்கும் பணத்துக்கு அதிகப் பலன் தரும் மேம்பாடு எது என்றால், என் அனுபவத்தில் சந்தேகமே இல்லை, குறிபார்க்கும் கருவிதான். இரும்புக் குறியில் பின்புறத் துளை, முன்முள், இலக்கு என்று மூன்றையும் கண் ஒரே நேரத்தில் சமாளிக்க வேண்டும். மனிதக் கண்ணால் ஒன்றைத்தான் தெளிவாகப் பார்க்க முடியும். சிவப்புப் புள்ளியைக் காட்டும் ரெட் டாட் கருவி வந்தால் இலக்கை மட்டும் பார்த்தால் போதும். நான்கு மடங்கு பெருக்கிக் காட்டும் சைட் (குறிக்கருவி) இருந்தால் சுடுவதற்கு முன்பே எதிரே இருப்பவன் கையில் இருப்பது துப்பாக்கியா மண்வெட்டியா என்று தெரிந்துவிடும். இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதைச் சுடும் வேலையில் இருப்பவர்கள் உணர்வார்கள். எஸ்ஏ80-க்கு அதன் எல்லாக் குறைகளுக்கும் நடுவில் ஆரம்பத்திலிருந்தே காலாட்படைக்கு நான்கு மடங்கு சைட் கொடுத்தார்கள், அதைப் பயன்படுத்தியவர்கள் யாரும் குறை சொல்லி நான் கேட்டதில்லை. சராசரியாகச் சுடும் ஆளை நன்றாகச் சுடும் ஆளாக மாற்றுவது இது ஒன்றுதான். ஆனால் ஒரு எச்சரிக்கை. சைட்டைப் பொருத்திவிட்டு ஜீரோ செய்ய, அதாவது சைட் காட்டும் இடத்திலேயே தோட்டா விழும்படி சுட்டுத் திருத்த, தோட்டா கொடுக்காத பிரிவுகளைப் பார்த்திருக்கிறேன். குறி சேராத நல்ல சைட், குறி சேர்ந்த இரும்புக் குறியைவிட மோசம். இன்னொன்றும் நடந்தது. சைட் பொருத்திய துப்பாக்கிகள் ஆயுதக் கிடங்கின் பழைய தாங்கியில் உட்காரவில்லை. தாங்கிகள் மாறும்வரை சைட்டுகளைக் கழற்றிப் பெட்டியில் வைத்தார்கள், ஒவ்வொரு முறையும் குறி விலகியது. இப்படிப்பட்ட சின்ன விஷயத்தில்தான் பெரிய திட்டங்கள் நொண்டுகின்றன.

பேரலை, அதாவது குழலை, பொறுத்தவரை சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அது தேயும் பொருள். தொண்டைப் பகுதி அரிப்பை கேஜ் போட்டு அளந்து, வரம்பு தாண்டினால் மாற்ற வேண்டும். குறி தப்புகிறது என்று வரும் புகாரில் கணிசமானது மாற்ற வேண்டிய நேரத்தில் மாற்றாத பேரல். கைப்பிடி பேரலைத் தொடாமல் தனியே நிற்கும்படி அமைத்தால் குறி சீராகும், அதிலும் சந்தேகம் இல்லை. ஒரே அழுத்தத்தில் மூன்று தோட்டா போகும் பர்ஸ்ட் அமைப்பை எடுத்துவிடுவதும் நல்லதே. எம்16ஏ2 வகையில் அந்தப் பல்சக்கரம் இருப்பதால் ட்ரிகரின் கனம் ஒவ்வொரு சுடலிலும் மாறும். பாதியில் விரலை எடுத்தால் அடுத்த அழுத்தத்தில் மூன்று வராமல் மிச்சம் மட்டும்தான் வரும். எம்4-ஐக் கனமான பேரலோடு எம்4ஏ1 ஆக மாற்றியபோது அமெரிக்கர்கள் பர்ஸ்ட்டை நீக்கிவிட்டார்கள். சத்தத்தைக் குறைக்கும் சப்ரெசர் பற்றி என் மனம் இன்னும் இரண்டாகவே இருக்கிறது. காது பிழைக்கிறது, பிரிவுத் தலைவரின் கட்டளை கேட்கிறது, இரவில் சுடர் தெரிவதில்லை. மறுபக்கம் புகை முகத்துக்குத் திரும்பி வருகிறது, கசடு இரட்டிப்பாகிறது, நுனியில் கனம் கூடுகிறது.

பெரிய தோட்டா விஷயத்துக்கு வருகிறேன், சண்டை அதிகம் நடப்பது இங்கேதான். முதலில் ஒரு கட்டுக்கதையைக் கழித்துவிடுவோம். எம்16, எம்4 சுடும் 5.56 மிமீ தோட்டா எதிரியைக் கொல்லாமல் காயப்படுத்தவே வடிவமைக்கப்பட்டது, ஒருவன் விழுந்தால் இரண்டு பேர் தூக்குவார்கள் என்று சொல்வார்கள். அந்தத் தோட்டா உருவானபோது அமெரிக்க ராணுவம் வைத்த நிபந்தனைகளில் ஒன்று, 500 கஜத்தில் எஃகு ஹெல்மெட்டைத் துளைக்க வேண்டும் என்பது. காயப்படுத்துவது மட்டும் நோக்கமாக இருந்தால் அப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள். சிறிய தோட்டாவுக்கு உண்மையான காரணம் வேறு. 1952-ல் வந்த ஹிட்ச்மன் அறிக்கை, காலாட்படை ரைஃபிள் பலன் தருவது பெரும்பாலும் 300 கஜத்துக்குள்தான் என்று காட்டியது. அந்தத் தூரத்துக்கு, நேட்டோ நாடுகளின் பெரிய தோட்டாவான 7.62 நேட்டோ தேவைக்கு மேல். 5.56 தோட்டா ஒன்று சுமார் 12 கிராம், 7.62 நேட்டோ அதைப்போல் இரண்டு மடங்கு. அதே எடையில் இரண்டு மடங்கு தோட்டா தூக்கலாம், உதைப்பும் குறைவு, இரண்டாவது தோட்டாவும் குறியில் போகும். இவை உறுதியானவை. குட்டை பேரலில் 5.56-ன் வேகம் குறைந்து, தூரத்தில் அதன் தாக்கம் மங்குகிறது என்பதும் உறுதிதான். ஆப்கானிஸ்தானின் மலைச்சரிவுகளில் எதிராளி 500 மீட்டருக்கு அப்பாலிருந்து இயந்திரத் துப்பாக்கியால் சுட்டபோது சிப்பாய்கள் கையாலாகாமல் உணர்ந்தார்கள் என்பதும் உண்மை. ஆனால் அதற்குப் பதில் எல்லோருக்கும் பெரிய ரைஃபிளா, அல்லது பிரிவில் ஒருவருக்கு மட்டும் தூரத் துப்பாக்கியும், கூடவே இயந்திரத் துப்பாக்கியும் மார்ட்டரும் போதுமா? இங்கேதான் அறிந்தவர்களே பிரிந்து நிற்கிறார்கள்.

இதில் அமெரிக்க ராணுவம் பெரிய பந்தயம் கட்டியிருக்கிறது. 2022-ல் சிக் சாவர் நிறுவனத்தின் 6.8 மிமீ ரைஃபிளைத் தேர்ந்தெடுத்தது. இப்போது அதன் பெயர் எம்7. கவச உடை அணிந்த எதிரியையும் அதிக தூரத்தையும் மனதில் வைத்து, சேம்பர் அழுத்தம் மிக அதிகமான தோட்டா. கூடவே தூரத்தைத் தானே அளந்து குறியைத் திருத்தும் சைட். விலை என்ன? துப்பாக்கி மட்டும் சுமார் 3.8 கிலோ, சப்ரெசரோடு சுமார் நாலரை கிலோ. எம்4ஏ1 சுமார் மூன்று கிலோ. மேகசினில் 30-க்குப் பதில் 20. சிப்பாய் தூக்கும் அடிப்படைத் தோட்டா 210-லிருந்து 140 ஆகிறது. 2025-ல் அமெரிக்க ராணுவ அதிகாரி ஒருவரே இதைப் பொதுமேடையில் விமர்சித்தார், தயாரிப்பாளர் அதை மறுத்தார். சைட்டின் பலனையும் தோட்டாவின் பலனையும் தனித்தனியே பிரித்து அளக்காதவரை இந்தப் பந்தயம் வென்றதா என்று யாராலும் சொல்ல முடியாது. என் ஊகம், அதே சைட்டை எம்4-ல் பொருத்தியிருந்தால் கிடைக்கும் முன்னேற்றத்தில் பெரும்பகுதி வந்திருக்கும். ஊகம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்தியாவும் தன் 5.56 ரைஃபிளான இன்சாஸிலிருந்து விலகிவருகிறது. கார்கில் குளிரில் மேகசின் விரிசல் விட்டது முதல் பல புகார்கள் அதன் மேல் இருந்தன. 2019-ல் 7.62 நேட்டோ தோட்டா சுடும் சிக்716 துப்பாக்கிகள் 72,400 வாங்க ஒப்பந்தம் ஆனது. 2021 டிசம்பரில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஏகே-203-களை அமேதி மாவட்டத்தின் கோர்வாவில் செய்ய ஒப்பந்தம் ஆனது. ஏகே-203-ன் தோட்டா 7.62 தான், ஆனால் நேட்டோ தோட்டாவைவிடக் குட்டையானது. ஒன்றில் இன்னொன்று போகாது. பெயரில் ஒரே எண் இருப்பதால் இதைக் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. இன்சாஸும் முழுதாக ஒதுங்கும்வரை மூன்று வகைத் தோட்டா, மூன்று வகை மேகசின், மூன்று வகை உதிரி பாகம் கிடங்கில் இருக்க வேண்டும். அந்தப் பணிமனைகளில் இன்று வேலை செய்யும் பிள்ளைகளை நினைத்துக்கொள்கிறேன். நெருங்கிய காட்டுச் சண்டைக்கு ஒன்று, எல்லை மலைக்கு ஒன்று என்று பிரித்ததில் நியாயம் இருக்கிறது. அந்த நியாயத்துக்கு விநியோகப் பிரிவு தினமும் விலை கொடுக்கும்.

ஆக உங்கள் ராணுவம் எதுவாக இருந்தாலும், யாராவது புது ரைஃபிள் வேண்டும் என்று மேஜையைத் தட்டினால் நான் கேட்கும் கேள்விகள் இவைதான். கடைசியாக எப்போது மேகசின்களை மாற்றினீர்கள்? தோட்டா மாறிய பிறகு பேரலுக்குள் தோட்டாவைச் சுழற்றும் முறுக்கு வரி அதற்குப் பொருந்துகிறதா என்று பார்த்தீர்களா? பழைய 5.56 தோட்டாவான எம்193-க்கு 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று போதும், அதற்குப் பின் வந்த எஸ்எஸ்109-க்காக அதை 7 அங்குலமாக்கினார்கள். பழைய பேரலில் புதுத் தோட்டா போட்டால் அது தள்ளாடித்தான் போகும். ஒரு சிப்பாய் வருஷத்துக்கு எத்தனை தோட்டா சுடுகிறார்? அந்த எண் சிறியதாக இருந்தால் புதுத் துப்பாக்கிக்கு ஒதுக்கும் பணத்தில் முதல் பங்கைப் பயிற்சித் தோட்டாவுக்கும் சைட்டுக்கும் கொடுங்கள். இதையெல்லாம் செய்த பிறகும் போல்ட்டின் பற்கள் உடைகின்றன, போல்ட் உட்காரும் உடற்பகுதியான ரிசீவர் விரிசல் விடுகிறது, உதிரி பாகம் செய்ய ஆள் இல்லை என்றால் தயங்காமல் புதியதை வாங்கலாம். அப்போது எந்தத் துப்பாக்கி என்று கேட்டால், பக்கத்து நாட்டுச் சந்தையில் தோட்டாவும் மேகசினும் கிடைக்கும் ஒன்றை, குறைந்தது ஒரு குளிர்காலமும் ஒரு மழைக்காலமும் உங்கள் ஆட்களிடமே கொடுத்துச் சுடவைத்துப் பார்த்த பிறகு வாங்கச் சொல்வேன். அந்தச் சோதனையில் ஜாம் ஆகும் ஒவ்வொரு துப்பாக்கியோடும் அதன் மேகசினையும் சேர்த்தே பணிமனைக்கு அனுப்பச் சொல்லுங்கள்.